இரண்டு கையெழுத்துகள், ஒரு அப்புக்காத்து: சா. ஜே. வே. செல்வநாயகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நீதிமன்றங்கள் இருக்கும் கொழும்பு புதுக்கடையில் காணி வழக்குப் பேசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு தரப்பும் வராந்தாவில் நின்று பேசி ஒரு இணக்கத்துக்கு வந்துவிட்டால், சந்தோஷமாகக் கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடமாட்டார்கள். நேரே உள்ளே போய், இணங்கியதை நீதிபதி முன்னால் சொல்லி, வழக்கேட்டில் பதியவைத்து, இரண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்கி, அதைத் தீர்ப்பாக்கிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். நாளைக்கு ஒருவர் சொல் மாறினால் மற்றவர் புது வழக்குப் போட வேண்டியதில்லை. கட்டளை எடுத்து, அதை நிறைவேற்றுகிற நீதிமன்ற அதிகாரியான பிஸ்காலை அனுப்பினால் சரி.

இந்த வேலையை இருபது வருஷத்துக்கு மேல் செய்து, சிவில் சட்டத்தில் நாட்டின் முன்வரிசைக்கு வந்த ஒருவர், பிறகு அரசியலில் இறங்கி இரண்டு பிரதமர்களோடு இரண்டு இணக்கங்கள் எழுதினார். 1957இல் ஒன்று, 1965இல் ஒன்று. இரண்டுக்கும் பின்னால் வழக்கேடு இல்லை, பிஸ்காலும் இல்லை. அவர்தான் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் செல்வநாயகம். அவரைத் தந்தை என்று கும்பிடுகிறவர்களும் உண்டு, ஏமாந்தவர் என்று தள்ளுகிறவர்களும் உண்டு. நான் அவரை ஒரு சட்டத்தரணியாகப் பார்க்க விரும்புகிறேன். புதுக்கடையில் கற்ற தொழில் அரசியலில் அவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுத்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதுதான் என் கேள்வி.

தெல்லிப்பழையிலிருந்து புதுக்கடைக்கு

அவர் பிறந்தது 1898 மார்ச் 31இல், மலாயாவின் ஈப்போவில். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல மலாயாவுக்குப் பிழைக்கப் போயின, அவருடைய தகப்பனும் அப்படிப் போனவர்தான். பிள்ளை சிறு வயதிலேயே தாயோடு தெல்லிப்பழைக்குத் திரும்பியது. தெல்லிப்பழையில் யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணத்தில் பரி. யோவான் கல்லூரி, பிறகு கொழும்பு முகத்துவாரத்தில் அப்போது இருந்த பரி. தோமையர் கல்லூரி. பின்னாளில் அவரோடு ஒப்பந்தம் எழுதிய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் அதே பள்ளிக்கூடத்து மாணவர், கிட்டத்தட்ட அதே காலம்.

இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாக 1918இல் எடுத்துவிட்டார். கொஞ்சக் காலம் பரி. தோமையரிலும் வெஸ்லியிலும் படிப்பித்தார். அப்புறம் சட்டக் கல்லூரி, 1920களில் அப்புக்காத்து.

அன்றைய தொழிலின் அமைப்பு இன்றைய இளம் சட்டத்தரணிகளுக்கே மறந்துவிட்டது, அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரக்கிராசி வேறு, அப்புக்காத்து வேறு. வழக்காளி முதலில் பிரக்கிராசியிடம் போவார். உறுதியைப் பார்ப்பது, பெட்டிசம் எழுதுவது, பெயர் பதிவது எல்லாம் பிரக்கிராசியின் வேலை. நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேச யாரை அமர்த்துவது என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் அவர்தான். ஆகவே ஒரு அப்புக்காத்து வளர வேண்டுமானால் பொதுசனத்திடம் பெயர் எடுத்துப் பயனில்லை. பிரக்கிராசிமார் நம்ப வேண்டும், நீதிபதி நம்ப வேண்டும். இந்த இரண்டு பிரிவையும் 1974 ஜனவரியில் ஒன்றாக்கி, எல்லாரையும் சட்டத்தரணி என்று ஆக்கினார்கள்.

செல்வநாயகம் வளர்ந்தது அந்த நம்பிக்கையில்தான். அவருக்குக் குரல் கிடையாது, மேடைப் பேச்சு வராது. கிரிமினல் வழக்கில் ஜூரியைக் கலங்கவைக்கிற வித்தை ஜி. ஜி. பொன்னம்பலத்துக்கு உரியது. இவருடையது காணி, ஈடு, நம்பிக்கைப் பொறுப்பு, உறுதியின் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்கிற வழக்குகள். குறைவாகப் பேசுவார், சொன்னதை மாற்றமாட்டார். 1947இல் அரச வழக்கறிஞர் (கிங்ஸ் கவுன்சல்) என்ற கௌரவப் பட்டம் கிடைத்தது. கொள்ளுப்பிட்டி அல்பிரட் ஹவுஸ் கார்டன்சில் வீடு. ஐம்பதை நெருங்கும் வயது. தொழிலில் ஒரு மனிதன் ஆசைப்படக்கூடியது எல்லாம் கைக்கு வந்துவிட்ட நேரத்தில் அரசியலுக்கு வந்தார்.

பிரிந்த இடம்

1947 தேர்தலில் பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்றார். தொழிலும் வீடும் கொழும்பில், வாக்கு வடக்கில். இது அன்றைய தமிழ்த் தலைவர்கள் எல்லாருக்கும் பொதுவான நிலை.

அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளி மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பொன்னம்பலம் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்தார். கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும் செனட்டர் இ. மு. வி. நாகநாதனும் கூடப் போனார்கள். 1949 டிசம்பர் 18இல் கொழும்பு மருதானையில், அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. தமிழர் அரசியலின் இவ்வளவு பெரிய கட்சி யாழ்ப்பாணத்தில் அல்ல, மருதானையில், கிளாக்கர்மாரின் மண்டபத்தில் பிறந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1956இல் சிங்களத்தை மட்டும் உத்தியோகமொழியாக்கிய மொழிச் சட்டம் வந்தபோது முதலில் அடிபட்டவர்களும் அதே கிளாக்கர்மார்தான்.

1952இல் காங்கேசன்துறையிலேயே தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன் வென்றார். இந்துக்கள் பெரும்பான்மையான தொகுதியில் இவர் கிறிஸ்தவர் என்பதும் அந்தத் தேர்தலில் பேசப்பட்டது. கட்சிக்கு மொத்தம் இரண்டே ஆசனம், கோப்பாயும் திருகோணமலையும். 1956இல் அது பத்தாகியது. இடையில் மாறியது செல்வநாயகம் அல்ல, தெற்கு. சிங்களம் மட்டும் என்ற கோஷம், சமஷ்டி (கூட்டாட்சி) ஏன் வேண்டும் என்று அவர் பல வருஷமாகச் சொல்லிவந்ததை ஒரே மாதத்தில் விளங்கவைத்துவிட்டது.

1956 ஜூன் 5இல் மொழிச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அன்று காலிமுகத்திடலில் அவர் தலைமையில் சத்தியாக்கிரகம். தொண்டர்கள் அடிக்கப்பட்டார்கள், சிலரைப் பக்கத்திலிருந்த பேரை (Beira) வாவியில் தூக்கிப் போட்டார்கள். இளம் உறுப்பினர் அ. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார். ஒரு சிவில் வழக்கறிஞர் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் திறந்த வெளியில் புல்லில் உட்கார்ந்து அடிவாங்குகிற இடத்துக்கு வந்திருந்தார்.

1957 ஜூலை 26

திருகோணமலை மாநாட்டில் கட்சி ஒரு வருஷக் கெடு வைத்தது. 1957 ஆகஸ்ட் 20க்குள் தீர்வு வராவிட்டால் மீண்டும் சத்தியாக்கிரகம். கெடு முடிய ஒரு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது, பிரதமர் பண்டாரநாயக்காவோடு பண்டா–செல்வா ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்தப் பத்திரத்தை எடுத்து வாசித்தால் எழுதியவரின் தொழில் தெரியும். சில பக்கங்கள்தான், வீராப்பு ஒரு வரிகூட இல்லை. சமஷ்டி அரசியலமைப்புப் பற்றியோ, உத்தியோகமொழிச் சட்டத்தை நீக்குவது பற்றியோ பேச இயலாது என்று பிரதமர் சொன்னதை முதலிலேயே பதிந்துவிடுகிறது. எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் எதை ஒத்துக்கொண்டோம் என்பதற்கு வருகிறது. நல்ல இணக்கப் பத்திரத்தின் இலக்கணம் அதுதான். பிறகு விஷயம்: வட மாகாணம் ஒரு பிராந்தியம், கிழக்கு இரண்டு அல்லது கூடிய பிராந்தியங்கள், மாகாண எல்லையைத் தாண்டியும் பிராந்தியங்கள் இணையலாம். உறுப்பினர்கள் நேரடித் தேர்தலில் வருவார்கள். விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கைத்தொழில், மீன்பிடி, வீடமைப்பு, மின்சாரம், நீர், வீதி இவற்றில் அதிகாரம். வரி போடவும் கடன் எடுக்கவும் உரிமை. வடக்கு கிழக்கில் நிர்வாகம் தமிழில்.

குடியேற்றம் என்ற ஒரு சொல் அந்தப் பட்டியலுக்குள் வந்ததற்காக மட்டும் என்றாலும் அதை எழுதியவரை மெச்சத்தான் வேண்டும். கிழக்கில் காணி யாருக்குப் போகிறது என்பதுதான் பிரச்சினையின் வேர் என்று ஒரு காணி வழக்கறிஞருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு மனம் ஆறுவதில்லை. கட்சி பிறந்ததே மலையக மக்களின் குடியுரிமைக்காக. அந்த மக்களைப் பற்றி ஒப்பந்தம் சொல்வது இவ்வளவுதான்: தமிழரசுக் கட்சி தன் கருத்தை முன்வைத்து விரைந்த தீர்வை வற்புறுத்தியது, பிரதமர் அதை விரைவில் கவனிப்பதாகச் சொன்னார். கவனிப்பதாகச் சொன்னார் என்ற வாசகத்தை வைத்து எந்த நீதிமன்றத்திலும் எதையும் கேட்க முடியாது. அது செல்வநாயகத்துக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஏழு வருஷம் கழித்து, 1964 ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை அவர்களைக் கேட்காமலே பங்குபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஒப்பந்தம் எப்படி உடைந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1957 ஒக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார், இம்புல்கொடையில் மறிக்கப்பட்டது. 1958 தொடக்கத்தில் இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பஸ்கள் வடக்குக்குப் போயின, அங்கே அதற்குத் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9இல் பிக்குமார் ரொஸ்மீட் பிளேசில் பிரதமர் வீட்டு வளவுக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

நான் நிறுத்திப் பார்ப்பது அந்த வளவில் நடந்த ஒரு சிறு விஷயத்தை. ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன் என்று பிரதமர் வாயால் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. எழுத்தில் தா என்றார்கள். எழுதிக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் எழுந்து போனார்கள். ஆக, ஒரு கடதாசியை இன்னொரு கடதாசி இல்லாமல் செய்தது. செல்வநாயகத்திடம் இருந்த கடதாசிக்கும் அதற்கும் சட்டத்தில் ஒரே பெறுமதி, அதாவது ஒன்றுமில்லை. வித்தியாசம், பிக்குமார் வளவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இவர் தன் சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டுவிட்டுத்தான் அந்தக் கையெழுத்தை வாங்கியிருந்தார்.

எங்கள் தொழில் வழக்கில் கட்சிக்காரர் என்றால் வழக்காடுகிறவர், அதாவது நாங்கள் யாருக்காகப் பேசுகிறோமோ அவர். கட்சிக்காரரின் சம்மதம் இல்லாமல் இணக்கம் செய்யாதே என்பது ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். ஜூலை 26இல் செல்வநாயகத்தின் கட்சிக்காரர்கள் பின்னால் நின்றார்கள், கட்சியும் மக்களும். பண்டாரநாயக்காவின் கட்சிக்காரர்கள் நிற்கவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் அவருடைய கட்சிக்காரர் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்து வாங்கியதுதான் பிழை என்று நினைக்கிறேன். இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அன்றைக்கு வேறு யாரிடம் வாங்கியிருக்க முடியும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மே மாதம் கலவரம். கொழும்பில் அகதி முகாம்கள் திறக்கப்பட்டன, தமிழர்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டு, செல்வநாயகம் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

நீதிமன்றக் கதவு

அரசியலில் கையெழுத்து நிற்கவில்லை என்றால் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பார்கள். போனார்கள். கோடீஸ்வரன் வழக்கு செல்வநாயகத்தின் சொந்த வழக்கு அல்ல. ஆனால் அவருடைய அரசியலின் திருப்பத்தை விளங்க அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்த கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை, 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஒரு இனத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றுவதைத் தடுக்கிறது, ஆகவே உத்தியோகமொழிச் சட்டம் செல்லாது என்பது வாதம். 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தார். யோசித்துப் பாருங்கள், புதுக்கடையில் ஒரு மாவட்ட நீதிபதி மொழிச் சட்டமே செல்லாது என்று எழுதினார்.

1967இல் உயர் நீதிமன்றம் அதைத் திருப்பியது. மொழிச் சட்டம் செல்லும் என்று சொல்லி அல்ல. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு (அரசுக்கு) எதிராக வழக்குப் போட முடியாது என்று சொல்லி. பெரிய கேள்வியைத் தொடவே இல்லை. 1969 டிசம்பரில், இலண்டனிலிருந்த இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொல்லி, அரசியலமைப்புக் கேள்வியைத் தீர்மானிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பு எழுதப்படவே இல்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது 29ஆம் பிரிவே இல்லாமற்போனது.

இரண்டாவது கையெழுத்து

அதற்குள் 1965 மார்ச் 24இல், பிரதமராகவிருந்த டட்லி சேனநாயக்காவோடு ஒரு இணக்கம் நடந்துவிட்டது. முந்தியதைவிடச் சிறியது. பிராந்திய சபைக்குப் பதில் மாவட்ட சபை. காணியில் மட்டும் திட்டமாகப் பேசியது: வடக்கு கிழக்கில் காணி கொடுக்கும்போது முதலில் அந்த மாவட்டத்துக் காணியற்றோர், அடுத்து அந்த மாகாணங்களில் வாழும் தமிழ் பேசுவோர், பிறகு ஏனையோர், அவர்களிலும் தீவின் பிற பகுதித் தமிழர்களுக்கு முன்னுரிமை. தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் செனட் வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். 1966இல் தமிழ்மொழி விதிகள் வந்தன. மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது, திருச்செல்வம் பதவி விலகினார், கட்சி அரசிலிருந்து வெளியேறியது. முதல் ஒப்பந்தம் ஒரு நாளில் செத்தது, இது மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து செத்தது. இதைப் பற்றி அதற்கு மேல் எழுத விஷயம் இல்லை.

ராஜினாமா

1970க்குப் பிறகு அவருக்கு உடம்பு முடியவில்லை. பார்க்கின்சன் நோய், காதும் மந்தம், ஏற்கெனவே மெதுவான குரல் இன்னும் அடங்கிவிட்டது. கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் கூடிய அரசியல் நிர்ணய சபைக்குக் கட்சி சமஷ்டி வரைபு ஒன்றைக் கொண்டுபோனது. நிராகரித்தார்கள். 1971இல் வெளியே வந்தார்கள். குடியரசு அரசியலமைப்பு 1972 மே 22இல் நிறைவேறியது.

அந்த ஒக்டோபரில் அவர் தன் ஆசனத்தை விட்டார். புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்பதைக் காங்கேசன்துறை இடைத்தேர்தல் சொல்லட்டும் என்றார். இது ஒரு வழக்கறிஞரின் யோசனை. தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இல்லையென்றால் வாக்காளரை நீதிபதியாக்குவது. அரசாங்கம் இரண்டு வருஷத்துக்கு மேல் தேர்தலை வைக்கவில்லை. கடைசியில் 1975 பெப்ரவரி 6இல் நடந்தது. செல்வநாயகத்துக்கு 25,927 வாக்கு, எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. அடுத்த வருஷம் மே 14இல் வட்டுக்கோட்டையில், அவர் தலைமையில், தனிநாட்டுத் தீர்மானம்.

சமஷ்டி என்று மருதானையில் தொடங்கியவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று கேட்கிறவர்கள், இடையில் இருக்கிற தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். இணக்கம் 1958இல் போனது, 1968இல் போனது. மேன்முறையீடு 1971இல் போனது. 29ஆம் பிரிவு 1972இல் போனது. கையிலிருந்த ஒவ்வொரு பத்திரமும் செல்லாமற்போன பிறகுதான் அவர் அந்தத் தீர்மானத்துக்கு வந்தார்.

கடைசி வழக்கு

வட்டுக்கோட்டை முடிந்து ஒரு வாரம். மே 22 குடியரசு தினத்தையொட்டித் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக அமிர்தலிங்கம் முதலான தலைவர்கள் யாழ்ப்பாணத்தில் கைதாகிக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன்னால் விசாரணை, ட்ரயல் அட் பார்.

எதிரிகளுக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக, எழுபது பேரளவில் தமிழ்ச் சட்டத்தரணிகள் வந்தார்கள். முன்வரிசையில் ஜி. ஜி. பொன்னம்பலம், மு. திருச்செல்வம், எழுபத்தெட்டு வயதான செல்வநாயகம். அந்த மேசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1948இல் பிரிந்து, அதற்குப் பிறகு தேர்தல்களில் எதிரெதிர்க் கட்சிகளில் நின்ற பொன்னம்பலமும் செல்வநாயகமும் ஒரே தரப்பில். கை நடுங்குகிற ஒருவர் பல வருஷத்துக்குப் பிறகு மறுபடி கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, தன் கட்சியின் பிள்ளைகளுக்காக, நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் பழகிய அதே தொழிலுக்குத் திரும்பியிருந்தார். அவசரகால விதிகள் முறைப்படி செல்லுமா என்று கேட்டார்கள். 1972 அரசியலமைப்பே செல்லுமா என்றும் கேட்டார்கள். கோடீஸ்வரன் வழக்கில் பதில் கிடைக்காமல் நின்ற கேள்வியின் தொடர்ச்சிதான் அது, இந்த முறை எதிரிக்கூண்டுப் பக்கத்திலிருந்து. இறுதியில் எதிரிகள் விடுதலையானார்கள்.

திருச்செல்வம் அந்த நவம்பரில் காலமானார். பொன்னம்பலம் 1977 பெப்ரவரியில். செல்வநாயகம் ஏப்ரல் 26இல். ஜூலைத் தேர்தலில், தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்கள் எடுத்தது. ட்ரயல் அட் பாரில் எதிரியாக நின்ற அமிர்தலிங்கம், செல்வநாயகத்தின் காங்கேசன்துறை உறுப்பினராக, காலிமுகத்திடலோரத்துப் பழைய நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரின் ஆசனத்தில் போய் உட்கார்ந்தார்.